எண்ணெய், எரிவாயு வயல் ஆபரேட்டர்களின் சம்பளம் ஏன் இவ்வளவு மாறுகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரிக்கில் (எண்ணெய், எரிவாயுக் கிணறு துளையிடும் அமைப்பு) வேலை தேடுபவர்கள், அடுத்த காண்ட்ராக்டுக்குக் காத்திருப்பவர்கள், அவர்கள் வீட்டார் என எல்லோரும் முதலில் கேட்பது ‘மாசம் எவ்வளவு?’ என்றுதான். அந்த ஒரு எண்ணை நம்பிக் கிளம்பி, முதல் சம்பளச் சீட்டைப் பார்த்து அதிர்ந்து போகிறவர்கள் அதிகம். சம்பளத்தை எந்தக் கணக்கில் போடுகிறார்கள், வருஷத்தில் எத்தனை நாளுக்குத் தருகிறார்கள், வேலை நின்றால் என்ன ஆகும் என்ற மூன்றும் தெரிந்தால்தான் அந்த எண்ணுக்கு ஏதாவது பொருள் உண்டு. கீழே உள்ள பதில்கள் இந்த மூன்றையும் சுற்றித்தான் வருகின்றன.

ஆபரேட்டர் என்று இங்கே யாரைச் சொல்கிறோம்?

துளையிடும் ரிக்கில் ரௌஸ்டபவுட் (டெக்கில் பொது வேலை செய்பவர்), ஃபுளோர்மேன் (ரிக் தளத்தில் குழாய்களைக் கையாள்பவர்), டெரிக்மேன் (ரிக் கோபுரத்தின் மேலே நிற்பவர்), அசிஸ்டென்ட் டிரில்லர், டிரில்லர் (துளையிடுவதை இயக்குபவர்), அவர்களுக்கு மேலே மேற்பார்வையாளரான டூல்புஷர் இருப்பார்கள். டெக்கில் கிரேன் ஆபரேட்டர். சர்வீஸ் கம்பெனிகளில் சிமென்டிங் பம்ப் (கிணற்றுக் குழாயைச் சுற்றிச் சிமென்ட் ஏற்றுவது), ஃபிராக் பம்ப் (அழுத்தத்தில் திரவம் செலுத்திப் பாறையைப் பிளப்பது), அதற்கான திரவத்தைக் கலக்கும் பிளெண்டர், காயில்டு டியூபிங் (சுருட்டிய நீளக் குழாயைக் கிணற்றில் இறக்குவது), வயர்லைன் யூனிட் (கம்பியில் கருவிகளை இறக்குவது) ஆகியவற்றை இயக்குபவர்கள். கிணற்றிலிருந்து எண்ணெயோ வாயுவோ வர ஆரம்பித்த பிறகு புரொடக்‌ஷன் ஆபரேட்டர், கம்ப்ரஸர் ஆபரேட்டர், கண்ட்ரோல் ரூம் ஆபரேட்டர். இவர்கள் எல்லோருமே கருவி இயக்குபவர்கள்தான். ஆனால் சம்பளம் ஏறுவதும் இறங்குவதும் இந்த மூன்று கூட்டத்துக்கும் மூன்று விதமாக நடக்கிறது.

ஒரே ரிக்கில் ஒரே வேலையைச் செய்யும் இருவருக்கு ஏன் இவ்வளவு வித்தியாசம்?

பெரும்பாலும் இருவருக்கும் முதலாளி வேறாக இருப்பார். வயலுக்கு உரிமை உள்ள எண்ணெய்க் கம்பெனி சொந்தமாக ரிக் வைத்திருப்பது அபூர்வம். டிரில்லிங் காண்ட்ராக்டரிடம் நாள் வாடகைக்கு ரிக்கை எடுக்கிறது, சர்வீஸ் கம்பெனிகளை வேலைக்கு இவ்வளவு என்று அழைக்கிறது. அந்தக் காண்ட்ராக்டர் சிலரைத் தன் பட்டியலில் வைத்துக்கொண்டு, மீதி ஆட்களை மேன்பவர் ஏஜென்சியிடமிருந்து வாங்குகிறார். ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் நின்றுவிடுகிறது. எண்ணெய்க் கம்பெனியின் நேரடி ஊழியருக்கு ஓய்வூதியம், குடும்பத்துக்கு மருத்துவம், சம்பளத்தோடு விடுப்பு எல்லாம் இருக்கலாம். அதே கூடத்தில் சாப்பிட்டு, அதே சத்தத்தில் தூங்கும் ஏஜென்சி ஆளுக்கு வேலை செய்த நாளுக்கான காசு மட்டும்தான். எனவே வேலையின் பெயரைக் கேட்பதற்கு முன் ‘யாருடைய பட்டியலில் என் பெயர் இருக்கும்?’ என்று கேட்பது நல்லது.

மாதச் சம்பளம், மணிக்கூலி, டே ரேட்: எது நல்லது?

எது என்று சொல்வதற்கு முன் மூன்றும் எப்படி வேலை செய்கின்றன என்று பார்க்க வேண்டும்.

மாதச் சம்பளத்தில் நீங்கள் ரிக்கில் இருந்தாலும் வீட்டில் இருந்தாலும் பணம் வரும். தொகை சிறியதாகத் தெரியும், ஆனால் பன்னிரண்டு மாதமும் வரும். டே ரேட்டில் ரிக்கில் இருக்கும் நாளுக்கு மட்டும் பணம். எண் பெரியதாகத் தெரியும், வீட்டில் இருக்கும் மாதம் பூஜ்யம். மணிக்கூலியில் வழக்கமான நேரத்துக்கு மேல் போனால் ஓவர்டைம் சேரும். வாரம் 84 மணி நேரம் ஓடும் இந்தத் தொழிலில் சம்பளச் சீட்டின் கனமான பகுதி பெரும்பாலும் அந்த ஓவர்டைம்தான்.

உதாரணமாக, டே ரேட் 200, 28 நாள் வேலை, 28 நாள் வீடு என்று ஒருவருக்கு வாய்ப்பு வருகிறது. இன்னொருவருக்கு அதே சுழற்சியில் மாதம் 3,500, பன்னிரண்டு மாதமும். ‘நாளைக்கு 200, மாசத்துக்கு 6,000!’ என்று முதல் ஆள் மகிழ்வார். வருஷத்துக்கு அவர் ரிக்கில் இருப்பது ஏறக்குறைய 182 நாள். மொத்தம் 36,400. இரண்டாமவருக்கு 42,000. போகவர ஆகும் பயண நாட்களுக்கு டே ரேட் தராத காண்ட்ராக்ட் என்றால், சுழற்சிக்கு இரண்டு நாள் வீதம் இன்னும் பத்துப் பதின்மூன்று நாள் முதலாமவரின் சொந்தக் கணக்கில் போகும்.

டே ரேட் வாங்கினால் ஓவர்டைம் கிடையாதா?

நாட்டுச் சட்டத்தைப் பொறுத்தது. இதில் மிகத் தெளிவாக எழுதி வைத்திருப்பது அமெரிக்கா. 1938-இல் வந்த நியாயமான உழைப்புத் தரச் சட்டப்படி வாரம் 40 மணிக்கு மேல் உழைத்தால் ஒன்றரை மடங்கு ஊதியம். டே ரேட் வாங்குபவருக்கு இதைக் கணக்கிடும் முறையும் விதிகளில் இருக்கிறது: அந்த வாரம் வாங்கிய டே ரேட்டுகளைக் கூட்டி, உழைத்த மொத்த மணியால் வகுத்து மணிக்கூலியைக் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு 40-க்கு மேலுள்ள ஒவ்வொரு மணிக்கும் அதில் பாதியைக் கூடுதலாகத் தர வேண்டும். நாளைக்கு 300 டாலர், ஏழு நாள், 84 மணி என்றால் 2,100 டாலர், மணிக்கு 25. மீதி 44 மணிக்குப் பன்னிரண்டரை வீதம் 550 டாலர். அந்த வாரம் வர வேண்டியது 2,650. ‘டே ரேட்டிலேயே எல்லாம் அடக்கம்’ என்று யாராவது சொன்னால் இந்த 550-தான் காணாமல் போகிறது.

நிலைச் சம்பளம் வாங்கும் மேலாளர்களுக்கு ஓவர்டைம் கிடையாது என்று ஒரு விலக்கு அந்தச் சட்டத்தில் உண்டு. அதை வைத்துதான் ஹீலிக்ஸ் எனர்ஜி சொல்யூஷன்ஸ் என்ற கம்பெனிக்கும் கடலில் வேலை பார்த்த ஒரு டூல்புஷருக்கும் வழக்கு நடந்தது. அவருக்குக் குறைந்தபட்ச டே ரேட் 963 டாலர், வருஷத்துக்கு இரண்டு லட்சம் டாலருக்கு மேல் வருமானம், கீழே ஒரு டஜன் ஆட்கள். இவருக்கு எதற்கு ஓவர்டைம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் 2023 பிப்ரவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற பெரும்பான்மையில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. தொகை எவ்வளவு பெரியதாக இருந்தாலும், வேலை செய்த நாளை மட்டும் எண்ணிக் கொடுத்தால் அது நிலைச் சம்பளம் ஆகாது, எனவே ஓவர்டைம் உண்டு என்பது தீர்ப்பின் சாரம். பணம் எந்த முறையில் கணக்கிடப்படுகிறது என்பது பணத்தின் அளவைப் போலவே முக்கியம் என்று காட்ட இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அதே நாட்டில் மாநிலம் விட்டு மாநிலம் கனரக லாரி ஓட்டும் வேலை சேர்ந்திருந்தால் வேறொரு விலக்கு பொருந்தக்கூடும். பம்ப் லாரியைத் தானே ஓட்டிக்கொண்டு போய் இயக்கும் ஃபிராக் ஆட்களும் சிமென்டிங் ஆட்களும் இதைத் தனியாக விசாரித்துக்கொள்ள வேண்டும்.

ரொட்டேஷன் (வேலை, ஓய்வு நாட்களின் சுழற்சி) சம்பளத்தை எப்படி மாற்றுகிறது?

எல்லாவற்றையும்விட அதிகமாக என்றே சொல்வேன். காரணம், ரிக்கில் நாள் என்பது 12 மணி நேரம், வாரம் என்பது ஏழு நாள்.

நார்வேயின் கடல் தளங்களில் இரண்டு வாரம் வேலை, நான்கு வாரம் ஓய்வு. ஆண்டுக்கு 1,460 மணி நேரம் என்று கூட்டு ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. 28-க்கு 28 என்ற சுழற்சியில் ஆண்டுக்கு ஏறக்குறைய 2,190 மணி. நில ரிக்குகளில் சில இடங்களில் 14 நாள் வேலை, 7 நாள் ஓய்வு. அது 2,920 மணி வரை போகும். ஆண்டுச் சம்பளம் 60,000 என்று மூன்று பேருக்கும் ஒரே எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். முதலாமவருக்கு மணிக்கு 41, இரண்டாமவருக்கு 27, மூன்றாமவருக்கு 20-ஐக் கொஞ்சம் தாண்டும். கடைசி ஆள் முதலாமவரைப் போல இரண்டு மடங்கு நேரம் வீட்டை விட்டு விலகி இருக்கிறார். விளம்பரத்தில் மூன்றும் ஒரே சம்பளம்தான்.

இதில் சொல்லாமல் விடுவது ஷிஃப்ட் மாறும் நேரம். பாதுகாப்புக் கூட்டம், வேலையை ஒப்படைப்பது, உடை மாற்றுவது எல்லாம் சேர்ந்து தினமும் அரை மணி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். 182 நாளில் அது 91 மணி. பன்னிரண்டு மணி ஷிஃப்டில் ஏழரை நாள். இந்த நேரத்துக்குப் பணம் உண்டா என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கடலில் வேலை என்றால் கட்டாயம் அதிகமா?

பொதுவாக ஆம். ஹெலிகாப்டரில் போய் வர வேண்டும், நடுவில் வீட்டுக்கு ஓட முடியாது, வந்து சேரத் தகுதியுள்ள ஆட்களும் குறைவு. சாப்பாடும் இடமும் கம்பெனி செலவு என்பதால் கையில் நிற்பதும் அதிகம். ஆனால் ஆழ்கடல் ரிக், கரையோரம் கால் ஊன்றி நிற்கும் ஜாக்கப், பழைய உற்பத்தித் தளம் மூன்றும் ஒன்றாகச் சம்பளம் தருவதில்லை. நாள் வாடகை அதிகமாக வாங்கும் ஆழ்கடல் ரிக்கில்தான் ஆட்களுக்கும் நல்ல விலை. இன்னொரு பக்கம், ஓவர்டைம் கொழிக்கும் ஒரு நில வயலில் ஃபிராக் ஆபரேட்டர் கடலில் இருக்கும் ரௌஸ்டபவுட்டைவிட நிறையவே சம்பாதிப்பார்.

பேசிக், அலவன்ஸ் என்று பிரித்துத் தருகிறார்களே, மொத்தம் ஒன்றுதானே?

மாசக் கடைசியில் ஒன்றுதான். வேலையை விட்டு வரும்போது ஒன்றல்ல.

பல நாடுகளில் பணிக்கொடை, ஓவர்டைம், விடுப்புக்கான பணம் எல்லாம் பேசிக்கை வைத்துக் கணக்கிடப்படுகின்றன. ஐக்கிய அரபு அமீரகத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் பேசிக், அதற்கு மேல் ஆண்டுக்கு 30 நாள் பேசிக் என்பது பணிக்கொடை. இருவருக்கு மொத்தச் சம்பளம் 3,000. ஒருவருக்குப் பேசிக் 2,400, மற்றவருக்கு 900, மீதி அலவன்ஸ். ஐந்து வருஷம் கழித்துக் கிளம்பும்போது முதலாமவருக்கு 8,400, இரண்டாமவருக்கு 3,150. ஐந்து வருஷமும் இருவரும் ஒரே அளவு வியர்வை சிந்தியிருப்பார்கள். காண்ட்ராக்டில் பேசிக்கை ஒடுக்கி, மீதியை ‘சைட் அலவன்ஸ்’, ‘ஸ்பெஷல் அலவன்ஸ்’ என்று பரப்பி எழுதுவது தற்செயலாக நடப்பதில்லை.

இன்னொன்று, சைட் அலவன்ஸ் என்பது சைட்டில் இருக்கும் வரைதான். கருவிகளை வைத்துப் பழுது பார்க்கும் யார்டுக்கு அனுப்பினால், மருத்துவ விடுப்பில் போனால் அது நின்றுவிடும்.

சர்வீஸ் கம்பெனிகளில் போனஸ்தான் சம்பளம் என்கிறார்களே?

உண்மைதான். ஃபிராக் வேலையில் முடித்த ஸ்டேஜுக்கு (கிணற்றை ஒவ்வொரு பகுதியாகப் பிளப்பதில் ஒரு பகுதி) இவ்வளவு, சிமென்டிங்கிலும் வயர்லைனிலும் முடித்த ஜாபுக்கு இவ்வளவு என்று போனஸ் வரும். வேலை குவியும் காலத்தில் அது பேசிக்கை மிஞ்சிவிடுவதும் உண்டு. அப்புறம் ஒரு மாதம் ஜாப் இல்லாமல் யார்டில் பம்ப் வால்வை மாற்றிக்கொண்டு உட்கார்ந்தால் பேசிக் மட்டும்தான்.

போனஸ் பணத்தை வைத்து வீட்டுக் கடன் வாங்காதீர்கள் என்பதை நான் மிகவும் அழுத்தமாகச் சொல்வேன். மாதத் தவணையைப் பேசிக்கால் கட்ட முடிந்தால் வாங்குங்கள்.

பாதுகாப்பு போனஸ் என்ற ஒன்றும் இருக்கிறது. விபத்து எதுவும் பதிவாகவில்லை என்றால் குழுவுக்கே தரும் தொகை. நல்ல எண்ணத்தில் வைத்ததுதான். ஆனால் கை நசுங்கியதைச் சொன்னால் கூட இருப்பவர்கள் எல்லோருக்கும் போனஸ் போய்விடுமே என்று காயத்தை மறைக்கும் நிலை இதனால் வருகிறது. மறைக்கக் கூடாது. பதிவாகாத காயத்துக்குப் பின்னாளில் இழப்பீடு வாங்குவது மிகக் கடினம், அந்த இழப்போடு ஒப்பிட்டால் போனஸ் எல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

எந்தப் படியில் சம்பளம் பெரிதாக ஏறுகிறது?

ரௌஸ்டபவுட்டிலிருந்து ஃபுளோர்மேன், அங்கிருந்து டெரிக்மேன் வரை ஏற்றம் படிப்படியாக இருக்கும். அசிஸ்டென்ட் டிரில்லர், டிரில்லர் என்று போகும்போதுதான் பெரிய தாவல். டிரில்லர் நாற்காலியில் இருப்பவர் கிணற்றைக் கண்காணிக்கிறார். உள்ளிருந்து வாயுவோ திரவமோ தள்ளிக்கொண்டு வருவதைக் கவனித்து, யாரையும் கேட்காமல் கிணற்றை மூட வேண்டிய பொறுப்பு அவருடையது. 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் ரிக் வெடித்தபோது 11 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் டிரில்லிங் குழுவைச் சேர்ந்தவர்கள். அந்த நாற்காலிக்கு ஏன் அந்தச் சம்பளம் என்று கேட்பவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

கடல் ரிக்கில் கிரேன் ஆபரேட்டர் இன்னொரு நல்ல பாதை. அவர் டெக் ஆட்களை மேற்பார்க்கவும் செய்கிறார், ரௌஸ்டபவுட்டாக இருந்தே அதற்குப் பழகி வரலாம்.

எந்தச் சான்றிதழ் சம்பளத்தைக் கூட்டும்?

சில சான்றிதழ்கள் கதவைத் திறக்க மட்டும்தான். கடலில் போவதற்கான போசியட் அப்படிப்பட்டது. ஹெலிகாப்டர் தண்ணீரில் கவிழ்ந்தால் வெளியேறுவது, உயிர்காப்பு, தீயணைப்பு எல்லாம் அதில் அடக்கம், நான்கு வருஷம் செல்லும். அது இல்லாமல் ஏற முடியாது, அது இருப்பதால் சம்பளம் கூடாது.

பதவியை மாற்றுவது கிணற்றுக் கட்டுப்பாட்டுச் சான்றிதழ். ஐ.டபிள்யூ.சி.எஃப்., ஐ.ஏ.டி.சி. என்ற இரண்டு அமைப்புகளின் சான்றிதழ்களும் உலகம் முழுக்கச் செல்லுபடியாகும். ஐ.டபிள்யூ.சி.எஃப்.-இல் டிரில்லருக்கு மூன்றாம் நிலை, மேற்பார்வையாளருக்கு நான்காம் நிலை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மறுபடி எழுத வேண்டும். காலாவதியாகிவிட்டால் அனுபவம் எவ்வளவு இருந்தாலும் அந்த நாற்காலியில் உட்கார விடமாட்டார்கள். எனவே புதுப்பிக்கும் செலவும் அந்தப் பயிற்சி நாட்களும் யார் கணக்கில் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். சில கம்பெனிகள் பணம் கட்டிவிட்டு, ஒரு வருஷத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள்.

சைட்டுக்குப் போகும் முன் அவசர அவசரமாக வாங்கிக் குவிக்கும் ஒருநாள் பயிற்சிச் சான்றிதழ்கள் பலவற்றால் எந்தப் பலனும் இல்லை. வேலை தரும் கம்பெனி எதைக் கேட்கிறது என்று தெரிந்த பிறகு காசைச் செலவிடுங்கள்.

நச்சு வாயு உள்ள இடத்தில் கூடுதல் பணம் தருவார்களா?

சில இடங்களில் தருகிறார்கள். ஹைட்ரஜன் சல்ஃபைட் நிறைந்த வயல்கள் உண்டு. கஜகஸ்தானின் காஷகன் அதற்குப் பேர்போனது. அழுகிய முட்டை வாடை வந்தால் தெரிந்துகொள்ளலாம் என்று நம்பி இருக்கக் கூடாது, ஏனென்றால் பத்து லட்சத்தில் 100 பங்கு என்ற அளவை நெருங்கும்போது மூக்கு மரத்து வாடையே தெரியாமல் போகும். உயிருக்கு உடனடி ஆபத்து என்று அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியோஷ் குறித்திருப்பதும் அதே 100-தான். கூடுதல் அலவன்ஸ் தருகிறார்களா என்பதைவிட, மூச்சுக் கருவி ஆளுக்கு ஒன்று இருக்கிறதா, முகத்துக்குப் பொருந்துகிறதா என்று சோதித்துத் தருகிறார்களா என்பதை முதலில் கேளுங்கள்.

எண்ணெய் விலை விழுந்தால் என் சம்பளமும் விழுமா?

நீங்கள் எந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

2014-இன் நடுவில் பீப்பாய் 100 டாலருக்கு மேல் இருந்தது. 2016 தொடக்கத்தில் 30-க்கும் கீழே போனது. பேக்கர் ஹியூஸ் என்ற சர்வீஸ் கம்பெனி வெளியிடும் ரிக் கணக்கைப் பார்த்தால், அமெரிக்காவில் 2014-இல் 1,900-க்கு மேல் ஓடிய ரிக்குகள் 2016 மே மாதம் 404 ஆகச் சுருங்கின. மறுபடி எழுந்தன. 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்கக் கச்சா எண்ணெயின் முன்பேர விலை பூஜ்யத்துக்கும் கீழே, மைனஸ் 37 டாலருக்குப் போனது. அந்த ஆகஸ்டில் ரிக் எண்ணிக்கை 244. ஒவ்வொரு நில ரிக்கிலும் மாறி மாறி வேலை பார்க்கும் குழுக்கள் இருப்பதால், ஒரு ரிக் நின்றால் இருபது பேருக்கு மேல் வீட்டுக்குப் போகிறார்கள்.

துளையிடும் ஆட்களும் ஃபிராக் ஆட்களும்தான் முதல் அடியை வாங்குகிறார்கள். புதிய கிணறு வேண்டாம் என்று எண்ணெய்க் கம்பெனி முடிவெடுக்க ஒரு நாள் போதும். ஏற்கெனவே ஓடும் கிணறுகளை அப்படி நிறுத்துவதில்லை. அதனால் புரொடக்‌ஷன் ஆபரேட்டருக்கு நல்ல காலத்தில் சம்பளம் குறைவாகத் தோன்றினாலும் கெட்ட காலத்திலும் வேலை இருக்கும். பத்து வருஷத்தைக் கூட்டிப் பார்த்தால் பல நேரம் அவர்தான் முன்னால் நிற்பார். கல்யாணமாகிக் குழந்தை குட்டி உள்ளவர்கள் என்னைக் கேட்டால் புரொடக்‌ஷன் பக்கம் போகச் சொல்வேன்.

சம்பளம் எந்த நாணயத்தில் வருகிறது என்பது முக்கியமா?

மிக முக்கியம், குறிப்பாக எண்ணெயை நம்பி வாழும் நாடுகளில். எண்ணெய் விலை விழும்போது அந்த நாடுகளின் நாணயமும் சேர்ந்து விழுகிறது. கஜகஸ்தான் 2015 ஆகஸ்ட் 20 அன்று தன் நாணயமான டெங்கேயைச் சந்தையின் போக்கில் விட்டது. ஒரே நாளில் ஏறக்குறைய கால் பங்கு மதிப்புக் கரைந்தது. உள்ளூர் நாணயத்தில் சம்பளம் வாங்கி வெளியே அனுப்பியவர்களுக்கு, யாரும் சம்பளத்தைக் குறைக்காமலேயே கால் பங்கு போய்விட்டது. டாலரில் நிர்ணயித்து உள்ளூர் நாணயத்தில் தருவதாக இருந்தால் எந்த நாளின் மாற்று விலை என்று காண்ட்ராக்டில் இருக்க வேண்டும்.

வரி?

அமெரிக்காவின் பெர்மியன் எண்ணெய் வயல் டெக்சாஸிலும் நியூ மெக்சிகோவிலும் பரந்து கிடக்கிறது. டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லை, நியூ மெக்சிகோவில் உண்டு. ஒரே வயலிலேயே கைக்கு வருவது வேறு. சவுதி, கத்தார், குவைத், அமீரகம் ஆகிய நாடுகளில் சம்பளத்துக்கு வருமான வரி பிடிப்பதில்லை. நார்வேயில் பிடிப்பார்கள், ஆனால் மருத்துவமும் ஓய்வூதியமும் அதற்கு ஈடாக வரும்.

ரொட்டேஷன் ஆட்கள் மறக்கும் விஷயம் ஒன்று உண்டு. பல நாடுகள் ஒருவர் ஆண்டில் ஏறக்குறைய பாதி நாள், அதாவது 182 அல்லது 183 நாள் அங்கே தங்கினால் அவரை உள்நாட்டு வரிதாரராகக் கருதுகின்றன. 28-க்கு 28 சுழற்சியில் நீங்கள் சொந்த நாட்டில் இருப்பதும் ஏறக்குறைய அதே எண். ரிக் பழுதாகி ஒரு வாரம் தாமதமாகக் கிளம்பினால்கூடக் கோட்டைத் தாண்டிவிடலாம். பாஸ்போர்ட் முத்திரைகளை வைத்து நாளை எண்ணிக்கொண்டே இருங்கள், சந்தேகம் வந்தால் வரி ஆலோசகரிடம் போங்கள்.

ரிக் நின்றுபோன நாட்களுக்குப் பணம் உண்டா?

புயல், கருவிப் பழுது, உதிரிபாகத்துக்குக் காத்திருப்பு என ரிக் நிற்கும்போது எண்ணெய்க் கம்பெனி காண்ட்ராக்டருக்கு முழு வாடகை தருவதில்லை. ஸ்டாண்ட்பை வாடகை என்று குறைத்துத் தரும், காண்ட்ராக்டரின் தவறால் நின்றால் ஒன்றுமே தராமலும் போகலாம். அந்த இழப்பைக் காண்ட்ராக்டர் கீழே தள்ளப் பார்ப்பார். எனவே ‘ஸ்டாண்ட்பை நாளுக்கு எவ்வளவு, எத்தனை நாள் வரை, மாற்று ஆள் வராமல் நான் கூடுதலாகத் தங்கினால் எவ்வளவு’ என்ற மூன்றுக்கும் பதில் எழுத்தில் இருக்க வேண்டும். வாய்ச்சொல்லை நம்பி ஹெலிகாப்டரில் ஏறாதீர்கள்.

பாஸ்போர்ட்டைப் பார்த்துச் சம்பளம் போடுகிறார்களாமே?

பல இடங்களில் நடக்கிறது. ஒரே வேலை, ஒரே சான்றிதழ், ஒரே ஷிஃப்ட். ஒருவருக்கு ஐரோப்பியச் சந்தை விலை, இன்னொருவருக்கு அவருடைய நாட்டுச் சந்தை விலை. ‘உங்கள் ஊரில் இது பெரிய தொகை’ என்பதுதான் சொல்லும் காரணம். கிணறு யார் எந்த நாட்டுக்காரர் என்று பார்த்துப் பொங்குவதில்லை. இது அநியாயம் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

தனி ஆளாக இதை உடைப்பது கடினம். எழுதி வைத்த கூட்டு ஒப்பந்தமும் தொழிற்சங்கமும் உள்ள இடங்களில் பதவிக்கு இவ்வளவு என்று சம்பளப் பட்டியல் வெளிப்படையாக இருப்பதால் பேரத்துக்கும் பாகுபாட்டுக்கும் இடம் சுருங்குகிறது. நார்வேயில் அந்தச் சங்கங்களுக்கு எவ்வளவு பலம் என்றால், 2022 ஜூலை 5 அன்று லெடர்னே என்ற சங்கம் சம்பளத்துக்காக வேலைநிறுத்தம் தொடங்கியதும், ஐரோப்பாவுக்கான எரிவாயு நின்றுவிடுமோ என்று அரசு அதே நாளில் தலையிட்டு அதை முடித்துவைத்தது. சங்கம் இல்லாத இடத்தில் உங்கள் கையில் இருப்பது தகவல் மட்டுமே. உடன் வேலை செய்பவர்களோடு சம்பளத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசுங்கள். அதை ரகசியமாக வைப்பதால் லாபம் உங்களுக்கு இல்லை.

வேலை வாங்கித் தர ஏஜென்ட் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். தனியார் வேலைவாய்ப்பு முகமைகள் குறித்த சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1997-ஆம் ஆண்டு 181-ஆவது உடன்படிக்கை, தொழிலாளியிடம் நேராகவோ மறைமுகமாகவோ கட்டணம் வாங்கக் கூடாது என்கிறது. எல்லா நாடுகளும் அதை ஏற்றுக்கொள்ளவில்லை, சில நாடுகள் ஒரு வரம்பு வரை அனுமதிக்கின்றன. ஆனால் ஆள் தேவைப்படும் உண்மையான ரிக் கம்பெனி ஏஜென்சிக்குத் தானே பணம் கட்டும். கடன் வாங்கி ஏஜென்டுக்குக் கட்டியவர், சம்பளம் சொன்னபடி வரவில்லை என்றாலும் திரும்பி வர முடியாமல் மாட்டிக்கொள்கிறார்.

தானியங்கிக் கருவிகள் வந்தால் ஆபரேட்டர் சம்பளம் குறையுமா?

ஆட்களின் எண்ணிக்கை குறைகிறது. குழாயை இறுக்கவும் தளர்த்தவும் ரிக் தளத்தில் இயந்திரக் கை வந்துவிட்டது, டிரில்லர் திரைகளுக்கு முன்னால் ஜாய்ஸ்டிக்கோடு உட்கார்ந்திருக்கிறார். நார்வேயின் ஈவார் ஆசென் தளத்தை 2019 ஜனவரி முதல் கரையில் இருக்கும் கண்ட்ரோல் ரூமிலிருந்தே இயக்குகிறார்கள். கரைக்கு வேலை வரும்போது கடல் அலவன்ஸ் போகும், இரவு வீட்டில் தூங்கலாம். மின்சாரம், ஹைட்ராலிக்ஸ், கட்டுப்பாட்டு அமைப்புகளைச் சரிசெய்யத் தெரிந்த ஆபரேட்டருக்குத் தேவை கூடிக்கொண்டுதான் போகிறது. வெறும் கைபலத்தை மட்டும் கேட்கும் பதவிகளில்தான் ஆள்குறைப்பு முதலில் நடக்கிறது.

சம்பளம் கூட்டிக் கேட்க எது சரியான நேரம்?

காண்ட்ராக்டை நீட்டிக்கச் சொல்லி அவர்கள் கேட்கும்போது. ரிக் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருக்கும் மாதங்களில் வேறு கம்பெனிகளும் ஆள் தேடும், அப்போது உங்கள் சொல்லுக்கு எடை அதிகம். மேல் நிலைச் சான்றிதழை வாங்கிய கையோடும் கேட்கலாம். கேட்கும்போது மொத்தத் தொகையைக் கூட்டச் சொல்வதைவிடப் பேசிக்கைக் கூட்டச் சொல்லுங்கள். அது முடியாது என்றால் பயண நாளுக்கும் ஸ்டாண்ட்பை நாளுக்கும் பணம் கேளுங்கள். இதற்கு மனிதவளப் பிரிவு சம்மதிக்க வாய்ப்பு அதிகம். பதிலை மின்னஞ்சலில் வாங்கி, ரிக்கில் இணையம் கிடைக்காத நாளிலும் எடுத்துக் காட்டும்படி போனில் சேமித்து வையுங்கள்.